படிவம் 21

28 ஆகஸ்ட் 2025, வியாழன்

நேற்றுச் சதுர்த்திக்கு அவித்த கொழுக்கட்டை மிச்சம் கிடக்கிறது. தம்பி ஒன்றைக்கூடத் தொடவில்லை. தேங்காய்ப் பூரணம் என்றாலே பொட்டாசியம் என்கிறான். அவன் மகனும் சொல்கிறான். எட்டு வயதுப் பிள்ளை வாயில் வரவேண்டிய சொல்லா அது.

மத்தியானம் சென்னையிலிருந்து போன். ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று வேலைகளைக் கவனிக்கும் பெண். ரத்தம் சேருகிறது, திசுவும் நன்றாகவே சேருகிறது என்றாள். சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே. அடுத்த மூச்சில் கேட்டாள்: "ரெண்டு பேரும் எந்த நாட்டு சிட்டிசன்க்கா?"

முகாம் என்றேன்.

"அது தெரியும்க்கா. நாடு?"

படிவம் 21 வேண்டுமாம். கொடுப்பவரோ வாங்குபவரோ வெளிநாட்டவர் என்றால், இருவரும் உறவுதான் என்று அந்த நாட்டுத் தூதரகத்தின் மூத்த அதிகாரி எழுதித் தரவேண்டும். 2014 விதி. எழுதிக்கொள்ளச் சொன்னாள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். கை வேர்த்துவிட்டது.

இலங்கைத் தூதரகம். நாங்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

29 ஆகஸ்ட், வெள்ளி

டயாலிசிஸ் நாள். மச்சாளுக்குக் காய்ச்சல், நான் போனேன். எடை 57.4. இருக்கவேண்டியது 54. நர்ஸ் சத்தம் போட்டாள். "இன்னாண்ணா, இம்மாந் தண்ணி குட்ச்சிட்டு வந்துக்குற?" வெயில் அப்படி. கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை. ஒரு நாளைக்கு 750 மில்லி என்று போத்தலில் அளந்து வைக்கிறோம். அவன் இரவில் எழுந்து குடத்திலிருந்து குடிக்கிறான். எனக்குத் தெரியும். மச்சாளுக்கும் தெரியும். ஒருவரும் கேட்பதில்லை.

நாலு மணி நேரம். ஊசி ஏற்றும் கையைத் தொட்டுப் பார்த்தேன். தோலுக்கடியில் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு அதிர்வு. இது நின்றால் உடனே ஓடி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தூங்குகிறவன் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறோம்.

முகாம்காரர் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டில் வருமானம் பார்ப்பதில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். ஒரு பைசா கட்டவில்லை இதுவரை. நல்லது செய்திருக்கிறார்கள். எரிச்சல் வரும்போது இதை மறந்துவிடுகிறேன்.

அந்தப் பெரிய டாக்டர் முதலில் கேட்டது நினைவுக்கு வந்தது. நீங்கள் அனுராதபுரம் பக்கமா, அங்கே வயல் வேலை செய்பவர்களுக்குக் காரணம் தெரியாமல் சிறுநீரகம் போகிறதே என்றார். இல்லை, மன்னார். என்ன வேலை? பெயிண்ட். வலிக்கு மாத்திரை போடுவாயா? தினமும். எத்தனை வருஷமாக? தம்பி பதில் சொல்லவில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டு அடிக்கிற பெயிண்ட். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு இறங்கவேண்டும், அதனால் குடிப்பதில்லை. சாயங்காலம் தோள் வலிக்கு டைக்ளோபினாக். இங்கே பாதி ஆம்பிளைகள் அப்படித்தான். பாலிடெக்னிக் முடித்த பிள்ளை அவன். மெக்கானிக்கல். அரசு வேலைக்கு எழுத முடியாது. கம்பெனியில் பாஸ்போர்ட் கேட்டார்கள். தூரிகைதான் ஒன்றும் கேட்கவில்லை.

30 ஆகஸ்ட், சனி

ரமணாசிரமத்துப் பக்கம் வேலை. பிரான்ஸ் அம்மாவுக்கு விசா முடிகிறது. கொழும்புக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டுப் புது விசாவோடு வருவாள். உனக்கு என்ன வாங்கிவர என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். வீடு வந்தபிறகு தோன்றியது, மன்னார்க் கருவாடு கேட்டிருக்கலாம் அம்மாவுக்கு. தம்பிக்கு ஆகாது. பக்கத்தில் வைத்து எப்படி அம்மா மட்டும் சாப்பிடுவா.

நல்ல மனுஷி. என்னை இன்றுவரை கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் இன்றைக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை எனக்கு.

31 ஆகஸ்ட், ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன்.

"அவங்களுக்குப் பயந்துதானே வள்ளம் ஏறினனாங்கள். இப்ப அவங்களிட்டயே போய், இவன் என்ர தம்பிதான் எண்டு கடிதம் கேக்கப் போறியோ?"

பிறகு பேச்சில்லை. அரிசி புடைத்தா. வெகுநேரம் புடைத்தா.

சாயங்காலம் தானாகவே எடுத்தா கதையை. 1985, என்னை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது. 1986 மார்ச், மண்டபம் முகாமில் தம்பி. ஒப்பந்தம் வந்து 88இல் ஊருக்குத் திரும்பியது. 90இல் சண்டை, கேதீச்சரத்துக் கோயிலடிக்கு ஆமி வந்தது, மறுபடி வள்ளம். இரண்டாம் முறை வந்து இறங்கியபோது குடும்பத்துக்கே ஒரு தாள், ஒரு வரி: இலங்கையர். தம்பி இங்கே பிறந்தவன் என்று அம்மா சொல்லவில்லையாம். சொல்ல வேண்டும் என்று அப்போது யாருக்குத் தெரியும். மண்டபத்துப் பிறப்புச் சான்று மட்டும் பொலித்தீன் பைக்குள் இருந்தது. இப்போதும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து.

1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். திருச்சி கொட்டப்பட்டு நளினி கிருபாகரன் வழக்கு முகாமில் எல்லோருக்கும் மனப்பாடம். அவரும் 86, அவரும் மண்டபம். 2022இல் மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 ஏப்ரலில் ஓட்டுப் போட்டார், முகாமிலிருந்து முதல் ஆள். டிவியில் விரலைக் காட்டினார். அன்றைக்கு அம்மா டிவிக்கு முன்னால் கைகூப்பினா.

ஆக, தம்பி சட்டப்படி இந்தியன். நான் மாந்தையில் பிறந்தவள். என் மகள் 2005இல் இதே ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாள், அவளும் வெளிநாட்டவள். ஒரு வீட்டுக்குள் ஒரு சோற்றுப் பானை.

1 செப்டம்பர், திங்கள்

பெங்களூரிலிருந்து இவர் போன். சத்தம். உனக்கு ஒன்றென்றால் பிள்ளையை யார் பார்ப்பது. மச்சாள் கொடுக்கட்டுமே. மச்சாள் பி, தம்பி ஓ, எத்தனை தடவை சொல்வது. அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் நான்தானே. வெளி ஆள் கேட்டுப் பார் என்றார்.

வெளி ஆள். மேஸ்திரி தானே வந்து கேட்டார் போன மாதம். ஆரணிக்காரர். தம்பி அவரிடம்தான் தொழில் பழகினான். "என்னுது ஒன்னு எடுத்துக்க தங்கச்சி, எனக்கு ரெண்டு கீது." அழுதுவிட்டேன். ஆனால் முடியாது. உயிரோடிருக்கும் இந்தியர் ஒருவர், நெருங்கிய உறவில்லாத வெளிநாட்டவருக்குக் கொடுக்கவே கூடாது. விதியில் நேராகவே இருக்கிறது. ஏழை இந்தியரை விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். சிறுநீரகம் விற்ற தழும்பு எத்தனை பெண்களின் இடுப்பில் இருக்கிறது என்று இந்த நாட்டுக்குத் தெரியும். ஆனால் மேஸ்திரி விற்க வரவில்லையே.

தலைவலி. மாத்திரை எடுக்கப் போனேன், எடுக்கவில்லை. இனி நான் வலி மாத்திரை போடக்கூடாது.

2 செப்டம்பர், செவ்வாய்

எடை 56.9. பரவாயில்லை.

மெஷின் ஓடும் சத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஜூன் மாதம் பார்த்த செய்தி வந்தது. வடக்கு காசாவில் டயாலிசிஸ் நிலையம் ஒன்றை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அன்றைக்கு மகள் போனில் காட்டினாள், நான் பார்க்க மாட்டேன் என்று தள்ளிவிட்டேன். அங்கேயும் செவ்வாய், வெள்ளி என்று முறை வைத்திருந்திருப்பார்கள். எடை பார்த்திருப்பார்கள்.

தாய்லாந்து எல்லையில் பர்மா அகதி முகாம்களின் ஆஸ்பத்திரிகள் ஜனவரியில் மூடப்பட்டன என்றும் மகள் சொன்னாள். அமெரிக்கா காசை நிறுத்தியது, கதவு மூடியது. நர்சிங் படிக்கிற பிள்ளை. இதெல்லாம் வாசிக்கிறாள், பரீட்சைக்கு வாசிக்கிறாளா தெரியவில்லை. படித்து முடித்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்கு எழுத முடியாது. ஆள் இல்லை, ஆள் இல்லை என்கிறார்கள் இந்த வார்டில்.

4 செப்டம்பர், வியாழன்

முகாமெல்லாம் ஒரே ஆரவாரம். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்க மாட்டார்கள். மத்திய அரசு உத்தரவு. பக்கத்து வரிசைப் பையன்கள் பட்டாசு வெடித்தார்கள். குடியுரிமை வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, பக்கத்து வீட்டுக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. இல்லையம்மா, தண்டனை இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது. சொன்னேன். "எதுக்குத் தண்டனை?" என்று கேட்டா.

நானும் ஒரு மணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சென்னைப் பெண்ணுக்கு போன் போட்டேன். இதனால் படிவம் 21 வேண்டாமா? கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அரை மணியில் பதில். வேண்டும்.

2019 சட்டத்தில் மூன்று நாட்டு இந்துக்களுக்கு வழி வைத்தார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். அம்மா நாளுக்கு இரண்டு வேளை திருநீறு பூசுகிறவ. மலையைப் பார்க்காமல் வாயில் தண்ணீர் விடமாட்டா. நாலாவது நாடு நாங்கள்.

5 செப்டம்பர், வெள்ளி

முகாம் செக்கிங்கும் டயாலிசிஸும் ஒரே நாளில். பத்தரைக்கு ஆளை நேரில் பார்க்கவேண்டும். ஏழு மணிக்கு ஊசி போட்டால் பதினொன்றுக்குத்தான் எடுப்பார்கள். சீட்டைக் காட்டலாம் என்றார்கள் சிலர். போன தடவை ஒரு பிள்ளை பிரசவத்துக்குப் போயிருந்தபோது பணக்கொடை நின்று, திரும்ப வாங்க எவ்வளவு அலைந்தாள். பயம். மூன்று மணி நேரத்தில் கழற்றச் சொல்லி வந்துவிட்டான். வரிசையில் நிற்கும்போது முகம் சாம்பல். அலுவலர் நாற்காலி போடச் சொன்னார். பாவம், அவருக்கும் வயது அம்பத்தைந்து இருக்கும், அவர் கையும் நடுங்கியது. பெயர் வாசித்தார். "ஆஜர்" என்றான் தம்பி.

குடும்பத் தலைவருக்கு 1,500. மற்றப் பெரியவர்களுக்கு 1,000. பிள்ளைக்கு 500.

ஒரு மணி நேர டயாலிசிஸ் குறைந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது.

6 செப்டம்பர், சனி

எழுதக் கூடாததை எழுதுகிறேன்.

படிவம் தாமதமாகிறது என்று எல்லோரும் பதறுகிறார்கள். எனக்கு மனதின் ஓரத்தில் நிம்மதி. இன்னும் கொஞ்ச நாள் என் உடம்பு முழுசாக இருக்கும். இடது பக்கத்தைத்தான் எடுப்பார்களாம். குளிக்கும்போது கையை வைத்துப் பார்த்தேன். கையில் ஒன்றும் தெரியாது, தெரியும்தான். கிடங்கில் வேலை செய்த காலத்தில் நாற்பது கிலோ அரிசி மூட்டை தூக்கிய இடுப்பு. பயமாக இருக்கிறது. அவன் என் தம்பி. மண்டபத்தில் அவன் பிறந்த அன்று எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார்களாம்.

பயமாக இருக்கிறது.

8 செப்டம்பர், திங்கள்

நேற்றைய இரவை இப்போது எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தா. கை உதறல் நின்றுவிட்டது.

பௌர்ணமி. அதோடு முழுச் சந்திர கிரகணம். எட்டு மணிக்கே அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டா. பதினொன்றரைக்கு மச்சாள் கத்தினாள். தம்பி எழுந்து உட்கார்ந்திருக்கிறான், படுக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம். அவன் குடத்தில் குடித்த தண்ணீர். இரண்டும்தான்.

கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமில்லை. வண்டி விடமாட்டார்கள். 108 தூரத்தில் நிற்கிறது என்று போனில் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பையன்கள் தூக்கினார்கள். நான் முன்னால் கத்திக்கொண்டே ஓடினேன். வழி, வழி. அண்ணாமலையாருக்கு அரோகரா என்று கத்திக்கொண்டு வந்த கூட்டம் எங்களைப் பார்த்து விலகியது. ஒரு போலீஸ்காரர் லத்தியைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார், வண்டி வரைக்கும். அவருக்கு நல்லது நடக்கட்டும். யாரோ ஒரு அம்மா ஓடிவந்து அவன் நெற்றியில் விபூதி பூசினா. செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளங்காலில் கண்ணாடி.

நடுச்சாமத்தில் மெஷினில் போட்டார்கள். 3.8 லிட்டர் எடுத்தார்கள். விடியும்போது தேத்தண்ணி கேட்டான். கொடுக்கவில்லை. சிரித்தான்.

9 செப்டம்பர், செவ்வாய்

எடை 54.2. தூக்கம்.

10 செப்டம்பர், புதன்

தம்பியோடு சண்டை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே சண்டை போடுகிற அக்கா நான்தான்.

இந்தியனாகப் பதிந்துகொள் என்றேன். வக்கீலைப் பார். மண்டபத்துச் சான்று இருக்கிறது. இறந்தவர் தரும் சிறுநீரகத்துக்குப் பெயர் எழுதினால் இந்தியருக்குத்தான் முதலில். ஒருவருக்கும் பொருந்தவில்லை என்றால்தான் வெளிநாட்டவர். 2018இல் சென்னையில் வெளிநாட்டவருக்கு இதயங்கள் போன விவகாரம் வெடித்த பிறகு இன்னும் இறுக்கிவிட்டார்களாம். கடைசியில் நிற்கிறவனுக்கு எப்போது வரும்?

"வழக்கு முடிய எத்தனை வருசம் அக்கா?"

நளினி வழக்கும் சும்மா முடியவில்லை.

"அதுக்குள்ள முகாம் பதிவ வெட்டினா? காப்பீட்டு அட்டை முகாம் பதிவுலதானே. வெட்டின மறுநாள் டயாலிசிஸுக்குக் காசு யார் கட்டுறது?"

பதில் இல்லை என்னிடம். வெட்டுவார்களா மாட்டார்களா, யாரிடம் கேட்பது. கேட்டாலே கண்ணில் படுவோம் என்று நினைக்கிறோம் எல்லோரும். முப்பத்தைந்து வருஷம் கண்ணில் படாமல் இருந்து பழகிவிட்டது.

பிறகு அவன் சொன்னான், உன்னுடையதும் வேண்டாம். அவங்கட மேசையில போய் உன் பேரையும் அப்பா பேரையும் எழுதிக் குடுக்க வேண்டாம். நான் அவனை அடிக்கக் கையை ஓங்கினேன். ஊசி போட்ட கை, அதனால் நிறுத்திக்கொண்டேன்.

12 செப்டம்பர், வெள்ளி

எடை 56.1.

இரவு கரண்ட் இல்லை. அம்மா இருட்டில் சின்னம்மாவின் கதையைச் சொன்னா. எனக்குத் தெரிந்த கதை. 2009, புதுக்குடியிருப்பு. பெப்ரவரியில் ஆஸ்பத்திரி மேலேயே ஷெல். மயக்க மருந்து உள்ளே போக விடவில்லை. சின்னம்மாவின் காலை மயக்க மருந்து இல்லாமல் எடுத்தார்கள். பிழைக்கவில்லை.

பிறகு நான் கேட்காத கதை ஒன்று. 1993. எனக்கொரு தங்கச்சி இருந்தாள், அது தெரியும். எப்படிப் போனாள் என்று கேட்டதில்லை. வயிற்றோட்டம். ஆறு மாதம். 91 மே மாதம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு முகாம் மாறிவிட்டது. வெளியே போக எழுதி வாங்கவேண்டும், பொழுதுபட்டால் உள்ளே இருக்கவேண்டும். 92 தொடக்கத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பினார்கள், ஒப்புக்கொண்டு போகிறோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். மருந்துப் பெட்டியோடு கிழமைக்கொருக்கா வந்த பிள்ளைகள் வராமல் போனார்கள். தொண்டு நிறுவனங்களை உள்ளே விடவேண்டாம் என்று உத்தரவு. உப்பும் சீனியும் கரைத்துக் கொடுக்க அம்மாவுக்குத் தெரியாது அப்போது. சொல்லிக் கொடுக்க இருந்த பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே.

"அவங்கட தலைவரக் கொன்றது ஆரோ. என்ர பிள்ளை என்ன செய்தது?"

முப்பத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காத கேள்வி. அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் பட்டது.

இப்போது எல்லோருக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் தெரியும். முகாமில் நம் பிள்ளைகளே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்சி எடுத்தார்கள், சந்திரஹாசன் ஐயா நடத்திய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில். என் பிரசவத்துக்குக் கூட வந்தவளும் அப்படி ஒருத்திதான்.

14 செப்டம்பர், ஞாயிறு

மன்னாரிலிருந்து பெரியப்பா மகன் என் பிறப்புச் சான்றை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். கச்சேரியில் நின்று வாங்கியிருக்கிறான். மூலம் தபாலில் வரும். சிங்களத்திலும் தமிழிலும் என் பெயர். அப்பாவின் பெயர். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதிவு செய்தவர் கையெழுத்துக்கூட அழகாக இருக்கிறது.

இரவுதான் மகள் கவனித்தாள். என் சான்றில் அப்பா "செல்லையா கணபதிப்பிள்ளை." தம்பியின் மண்டபத்துச் சான்றில் "எஸ். கணபதி." அம்மாவின் பெயர் ஒன்றில் முழுசாக, மற்றதில் பாதி. 1986இல் எழுதியவருக்கு அவசரம். வரிசை நீளமாக இருந்திருக்கும்.

இரண்டு தாளும் சேர்ந்து, நாங்கள் இருவரும் வேறு வேறு தகப்பன்மாரின் பிள்ளைகள் என்கின்றன.

அந்த நிம்மதி வருமா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அப்பாவை வெட்டிக் குறைத்துவிட்டார்களே என்று.

16 செப்டம்பர், செவ்வாய்

எடை 57. மறுபடியும். கையின் அதிர்வு கொஞ்சம் மெல்லியதாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். ஃபிஸ்டுலா அடைத்தால் கழுத்தில் குழாய். கழுத்துக் குழாயில் கிருமி வந்து போனவரைப் பார்த்திருக்கிறோம், பக்கத்துப் படுக்கை, செய்யாறு.

சென்னைப் பெண் மறுபடி போன். பெயர் வித்தியாசத்துக்கு நோட்டரி உறுதிமொழி. இருவருக்கும் டிஎன்ஏ அறிக்கையும் வைக்கச் சொன்னாள். அம்மா இருக்கிறாரே, அம்மாவின் ரத்தமும் எடுத்தால் சந்தேகமே இல்லை. பிறகு அங்கீகாரக் குழு கேள்வி கேட்கும். யாராவது வற்புறுத்தினார்களா, காசு கொடுத்தார்களா. வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்து. எல்லாம் கேமராவில் பதிவாகும்.

நடுவில் தம்பியை இந்தியன் என்று காட்டினாலும் என் பக்கத்துக்குப் படிவம் 21 வேண்டும். இருவரும் இலங்கையர் என்றாலும் படிவம் 21 வேண்டும். எப்படித் திருப்பினாலும் அந்த வாசல்.

அக்கா, அவங்க மனுஷங்கதான், போய்ப் பாருங்க என்றாள் கடைசியில். இந்தப் பெண்ணுக்கு என்ன வயதிருக்கும்.

17 செப்டம்பர், புதன்

இவர் வந்துவிட்டார். ஒசூரில் பஸ் மாறி, ஒரு பை நிறையக் கத்திரிக்காயோடு. ஒன்றும் கதைக்கவில்லை. சாப்பிட்டார். தம்பி கொட்டகைக்குப் போனார். வெகுநேரம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்து, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாகவா. இரண்டு கிழமை என்னைத் திட்டியது எதற்கு. படுத்த பிறகு என் இடது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டே தூங்கினார். கையை எடுக்கச் சொல்லவில்லை நான். வேர்த்தது.

18 செப்டம்பர், வியாழன்

வெளியூர் போக அனுமதிச் சீட்டு கிடைத்தது. காரணம்: மருத்துவம். திரும்பும் நாள் எழுதச் சொன்னார்கள். இரண்டு நாள் என்று எழுதினேன். தூதரகத்தில் எத்தனை நாள் ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

நோட்டரி கையெழுத்து ஆயிற்று. நானும் இவனும் கணபதிப்பிள்ளையின் பிள்ளைகள். எஸ். கணபதி என்பவரும் செல்லையா கணபதிப்பிள்ளை என்பவரும் ஒரே ஆள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். படித்தேன். அப்பா இருந்திருந்தால் கைதட்டிச் சிரித்திருப்பார்.

அம்மா வரமாட்டேன் என்றுதான் நேற்றுவரை. சாயங்காலம் பார்த்தால் வெள்ளைப் புடவையை நீலம் போட்டு உலர்த்தியிருக்கிறா. நானும் வாறன் என்றா. ரத்தம் எடுக்க நான் வேணும்தானே. அவங்கள் கேட்டால் நான்தான் பெத்தனான் எண்டு நானே சொல்லுவன்.

அங்கே போய்க் கதைக்க வேண்டியதை மகள் எழுதிக் கொடுத்தாள். முதல் வரி: "நான் 1981ஆம் ஆண்டு மன்னார் மாவட்டத்தில் பிறந்தவர்." பிறந்தவள் என்று திருத்தினேன். நாலு தடவை சத்தமாக வாசித்தேன். மூன்றாவது தடவை குரல் நடுங்கவில்லை, நாலாவதில் மறுபடி நடுங்கியது.

நாளை தம்பிக்கு வெள்ளிக்கிழமை. மச்சாள் கூட்டிப் போகிறாள். ஸ்கேன் சீட்டை மறக்கவேண்டாம் என்று சொல்லியாயிற்று. 750 மில்லிப் போத்தலை அவனே அளந்து ஊற்றி வைத்ததைப் பார்த்தேன்.

மூலச் சான்று தபாலில் வரவில்லை இன்னும். வாட்ஸ்அப் பிரிண்டோடு போகிறோம். ஏற்றுக்கொள்ளாவிட்டால் வந்த பிறகு மறுபடி போகவேண்டும், மறுபடி சீட்டு வாங்கவேண்டும். போட்டோ எட்டு. பஸ் நாலரைக்கு. இட்லியை வாழையிலையில் கட்டிவிட்டேன், அம்மாவின் சர்க்கரை மாத்திரை கைப்பையில். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கேட்கிறாள், தம்பி மாமாவின் சான்றை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தீர்களா என்று. பின்பக்கம் எடுக்கவில்லை. சென்னையில் இறங்கியதும் முதலில் ஜெராக்ஸ் கடை.